மோட்டார் முறை

செழியனின் பெரியப்பா ஒரு கல்யாண மேடையில் மைக்கைப் பிடித்து இப்படி ஆரம்பித்தார்: "தெரியாது என்று சொல்லத் தெரிந்தவன் கையில்..."

அந்தக் கையில் எதையோ தைரியமாகக் கொடுக்கலாம் என்று முடித்தார். எதை என்பதுதான் செழியனுக்கு மறந்துபோயிற்று. சாவியையா, கடையையா, பெண்ணையா? கல்யாண வீடு என்பதால் பெண்ணாக இருக்கலாம். அந்த நேரம் பார்த்து மைக் கீச்சிட்டது. பந்திக்குக் கூப்பிட்டார்கள். கூட்டம் எழுந்துவிட்டது.

அந்தப் பாதிப் பேச்சு செழியனோடு ஜெர்மனிக்குப் போனது. ஸ்டுட்கார்ட்டில் கார்களுக்கு புரோகிராம் எழுதிக்கொண்டிருந்த காலமெல்லாம் கூடவே இருந்தது. வேலையை விட்டுவிட்டு, நாற்பத்தேழு வயதில், கோயம்புத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த ஒரு கல்லூரியில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தபோதும் கூடவே திரும்பி வந்தது.

அவருடைய வழிகாட்டி பேராசிரியர் ஹெப்சிபா. நாகர்கோவில்காரர். செழியனைவிடப் பத்து வயதாவது இளையவர்.

மாணவர் ஆசிரியரை 'மேடம்' என்றார். ஆசிரியர் மாணவரை 'சார்' என்றார். இருவருக்கும் அதில் சங்கடம் இல்லை. கேன்டீன்காரருக்குத்தான் யார் முன்னால் முதலில் காபியை வைப்பது என்று தெரியவில்லை.

ஹெப்சிபாவின் கட்டுரை ஒன்றைச் செழியன் முதலில் படித்தது ஸ்டுட்கார்ட் ரயிலில். இறங்க வேண்டிய நிலையம் தாண்டிப் போனதை அவர் கவனிக்கவில்லை. ஒரு புரோகிராமை ஓட்டிப் பார்க்காமல், அதன் எழுத்தை மட்டும் படித்துவிட்டு, அது என்றைக்கு எப்படி ஓடினாலும் இவ்வளவு மெமரிக்கு மேல் பிடிக்காது, இவ்வளவு நேரத்துக்கு மேல் எடுக்காது என்று சொல்ல முடியும் என்று அந்தக் கட்டுரை நிரூபித்திருந்தது. சுமாராக அல்ல. கணக்குப் போட்டு, ஐயத்துக்கு இடமில்லாமல்.

அது எப்படிச் சாத்தியம் என்று, கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் செழியன் அவரிடமே கேட்டார்.

ஹெப்சிபா சொன்னார்: "ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவாங்கன்னு தெரியலை. ஆனா வர்ற ஒவ்வொருத்தரும் அவங்க இலையை அவங்களே கொண்டு வந்துட்டாங்கன்னு வைங்க. இலை பத்தாமப் போகுமா?"

"போகாது."

"அவ்வளவுதான் சார். புரோகிராமுக்குள்ளே வர்ற ஒவ்வொரு தகவலும் தனக்கு வேண்டிய மெமரியையும் நேரத்தையும் தானே சுமந்துக்கிட்டு வரணும். அப்படி ஒரு புரோகிராம் மொழி பண்ணியிருக்கேன்."

அந்த மொழியில் எழுதியதைப் படித்து எல்லை சொல்லும் கருவிக்கு மாணவர்கள் 'மரக்கால்' என்று பெயர் வைத்திருந்தார்கள். நெல் அளக்கிற மரக்கால். எந்த புரோகிராமைக் கொடுத்தாலும் மரக்கால் இரண்டில் ஒன்றைச் சொல்லும். ஓர் எல்லையைச் சொல்லும். அல்லது 'தெரியவில்லை' என்று சொல்லும்.

பெங்களூரில் ஒரு கருத்தரங்கில் யாரோ எழுந்து கேட்டார்களாம்: "உங்கள் கருவி பாதி இடங்களில் தெரியவில்லை என்கிறதே, அதனால் என்ன பிரயோசனம்?"

"மீதிப் பாதியை நீங்கள் நம்பலாம்" என்று சொல்லிவிட்டு ஹெப்சிபா உட்கார்ந்துவிட்டாராம்.

இந்தக் கதையைச் செழியன் யாரைப் பார்த்தாலும் சொல்வார். சொல்லும்போது தானே அந்த மேடையில் நின்றதுபோல ஒரு நிமிர்வு வரும்.

மரக்காலில் இன்னொரு வசதியும் இருந்தது. அது தெரியவில்லை என்கிற இடத்தில், 'இது இவ்வளவைத் தாண்டாது, நான் சொல்கிறேன்' என்று நாமே ஒரு வரி எழுதிச் சேர்க்கலாம். மரக்கால் அதை நம்பிக்கொண்டு மேலே போகும். ஆனால் அறிக்கை அச்சாகும்போது, அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சொன்னவர் பெயரையும் போட்டுவிடும்.

"எதுக்கு மேடம் பேரெல்லாம்?" என்று செழியன் ஒரு தடவை கேட்டார்.

"மரக்கால் சொல்லாததை மரக்கால் சொன்னதா ஆக்கக் கூடாதில்லையா?"

ஓசூரில் ஒரு நிறுவனம் இருந்தது. குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு மூச்சுக்குத் துணை செய்யும் இயந்திரம் ஒன்றைச் செய்திருந்தார்கள். குழந்தையின் மூச்சு தடுமாறினால் இயந்திரம் அலாரம் அடிக்கும். ஒவ்வொரு அலாரத்தையும் தன் மெமரியில் சேர்த்து வைக்கும். நர்ஸ் வந்து பட்டனை அழுத்தினால் சேர்த்ததையெல்லாம் அழித்துவிடும். உள்ளே இருப்பது சின்ன சிப். அதில் மெமரி கொஞ்சம்தான். அது நிரம்பினால் இயந்திரம் நின்றுவிடும்.

அப்படி ஒருபோதும் நிரம்பாது என்று யாராவது சான்று தர வேண்டும். அந்த வேலை செழியனுக்கு வந்தது. அறிக்கையில் கையெழுத்துப் போட வேண்டியவரும் அவர்தான்.

நிறுவனத்தின் கோகுல்நாத் வாரத்துக்கு இரண்டு முறை கூப்பிடுவார்.

"சார், அறிக்கை முழுசா வந்துட்டா மெஷின் ஆஸ்பத்திரிக்குப் போயிடும். அப்புறம் ஓசூர்ல ஆராய்ச்சிப் பிரிவு உங்க பொறுப்புதான். எம்.டி.யே சொல்லிட்டார்."

செழியனின் மனைவி கோதையும் மகளும் இன்னும் ஸ்டுட்கார்ட்டில் இருந்தார்கள். "ஒரு வேலைன்னு உறுதியானதும் சொல்லுங்க, வீட்டைக் காலி பண்றோம்" என்று கோதை சொல்லியிருந்தாள்.

செழியன் அந்த இயந்திரத்தின் புரோகிராமை மரக்காலுக்குக் கொடுத்தார். அது மற்ற எல்லா இடங்களுக்கும் எல்லை சொன்னது. ஒரே ஓர் இடத்தில் மட்டும், அலாரத்தைச் சேர்த்து வைக்கிற இடத்தில், 'தெரியவில்லை' என்றது.

திங்கட்கிழமை செழியன் ஹெப்சிபாவின் அறைக்குப் போனார்.

"மேடம், அந்த ஓர் இடத்தை நான் அளந்து பார்த்துட்டேன். ஆய்வகத்துல மெஷினை வச்சு, பொம்மைக் குழந்தையை வச்சு, வாரக்கணக்கா ஓட்டியாச்சு. மெமரி பாதிகூட நிரம்பலை."

"சரி."

"நான் அளந்த அந்த எண்ணை எழுதி, பாதுகாப்புக்கு இன்னும் கொஞ்சம் சேர்த்து, என் பேரைப் போட்டுக் குடுத்துடலாமா? அடுத்த திங்கட்கிழமை கேக்கறாங்க."

ஹெப்சிபா மேசை இழுப்பறையைத் திறந்து ஒரு சாவியை எடுத்தார்.

"இந்த வாரம் எங்க வீட்டு மோட்டார் முறை. நீங்க பாத்துக்கறீங்களா சார்?"

"மேடம், நான் கேட்டது..."

"காதுல விழுந்துச்சு சார். ஒரு வாரம்தான்."

அவர்கள் இருந்த ஆசிரியர் குடியிருப்பில் நான்கு வீடுகளுக்கு ஒரு தொட்டி, ஒரு மோட்டார். வாரம் ஒரு வீட்டுக்கு முறை. யார் முறையோ அவர்களிடம் மோட்டார் அறைச் சாவி இருக்கும். காலையில் போட வேண்டும். தொட்டி நிரம்பினால் அணைக்க வேண்டும். தானாக நிற்கிற கருவி பொருத்தச் சொல்லி நிர்வாகத்துக்கு எழுதிப் போட்டிருப்பதாக எல்லோரும் சொன்னார்கள். எழுதியது யார் என்று யாருக்கும் தெரியாது. செழியனுக்கு மாடியில் ஒரு வீடு கொடுத்திருந்தார்கள். மாணவர் என்பதால் முறையிலிருந்து விலக்கு.

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குரு கொடுத்த வேலை என்பதால் ஒழுங்காகச் செய்ய நினைத்தார்.

மறுநாள் காலை மோட்டாரைப் போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஏறி, தொட்டியின் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார். நிரம்ப அரை மணி நேரம் ஆயிற்று. அடுத்த நாளும் நின்றார். அதே அரை மணி. அதற்கடுத்த நாளும் அதே.

கீழ் வீட்டில் இருந்த உடற்கல்வி இயக்குநர் சென்னியப்பன் அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"ஏனுங்க சார், தெனமும் மேல என்ன பண்றீங்க? தண்ணிக்குக் காவலுங்களா?"

"அளக்கறேன் சார்."

"நாங்கெல்லாம் வழிஞ்சா அணைக்கறதுங்க. நீங்க படிச்சவங்க, வழியறதுக்கு முன்னாடியே அணைப்பீங்களாட்ட இருக்குது."

செழியனுக்கு அது பாராட்டாகவே பட்டது. அன்று சாயங்காலம் காந்திபுரம் போய், நேரம் வைத்தால் தானாக அணைகிற சுவிட்ச் ஒன்றை வாங்கி வந்து மோட்டாரில் பொருத்தினார். அரை மணியைவிடக் கொஞ்சம் குறைத்தே வைத்தார். பாதுகாப்புக்கு.

வெள்ளிக்கிழமை மோட்டார் தானாக ஓடி, தானாக நின்றது. தொட்டி விளிம்புக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர் நின்றது. செழியன் அதைப் போட்டோ எடுத்துக் கோதைக்கு அனுப்பினார். 'இதுக்கா ஜெர்மனிய விட்டீங்க?' என்று அவள் பதில் போட்டாள்.

சனிக்கிழமை காலை சுவிட்சைத் தட்டி, அறையைப் பூட்டிவிட்டு, சாவியோடு ஆய்வகத்துக்குப் போய்விட்டார்.

கோகுல்நாத் கூப்பிட்டார்.

"சார், அந்த ஒரு எண் என்ன ஆச்சு? வேற ஒரு இடத்துல கேட்டோம். அவங்க கருவி எல்லாத்துக்கும் எண் குடுத்துடுது சார். தெரியவில்லைன்னே சொல்றதில்லை."

"எண் தயாரா இருக்கு கோகுல். திங்கட்கிழமை காலையில உங்க கையில இருக்கும்."

"உறுதியா சார்?"

"அளந்து பார்த்திருக்கேன்பா."

பேசிக்கொண்டிருக்கும்போதே வேறோர் அழைப்பு வந்து வந்து நின்றது. பேசி முடித்துவிட்டுப் பார்த்தால் சென்னியப்பன். திரும்பக் கூப்பிட்டார்.

"சார், மொதல்ல சாவியக் கொண்டாங்க!"

செழியன் ஓடினார்.

தொட்டியின் வழிகுழாயிலிருந்து தண்ணீர் அருவியாகக் கொட்டிக்கொண்டிருந்தது. கொட்டிய இடத்தில், பின்பக்கத் தளத்தில், கல்லூரிக் கபடி அணி ஆடுகிற மெத்தை மேட்டுகளை வெயிலுக்கு விரித்துப் போட்டிருந்தார்கள். மறுநாள் போட்டி. அத்தனையும் ஊறி உப்பிக் கிடந்தன. சென்னியப்பன் ஒரு மேட்டின் மேல் நின்று இடுப்பில் கை வைத்திருந்தார். காலடியில் தண்ணீர் பிதுங்கியது.

"ஏனுங்க சார், எங்க பசங்களைக் கபடி ஆடச் சொல்றீங்களா, நீச்சல் அடிக்கச் சொல்றீங்களா?"

செழியன் பூட்டைத் திறப்பதற்குள் மோட்டார், வைத்த நேரம் முடிந்து, தானாகவே அணைந்தது.

ஹெப்சிபா ஏற்கெனவே கீழே இருந்தார். புடவை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு மேட்டின் முனையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பக்கம் பிடிங்க சார்."

செழியன் பிடித்தார். தண்ணீர் குடித்த மேட் கனத்தது. இருவரும் அதை வெயில் படுகிற சுவர் வரை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"மன்னிக்கணும் மேடம். தினமும் அளந்தேன். வித்தியாசமே இல்லை."

"எதை அளந்தீங்க?"

"நிரம்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு."

"போடும்போது தொட்டியில எவ்வளவு இருந்துச்சு?"

"காலையில எப்பவும் காலியாத்தானே இருக்கும்."

"யார் காலி பண்ணுவாங்க?"

செழியன் நின்றார். பிறகுதான் சுற்றிலும் பார்த்தார். தொடர் விடுமுறை. மாடியில் அடுத்த வீட்டு நூலகர் குடும்பத்தில் ஏழெட்டுப் பேர். வியாழன் இரவே ஊருக்குப் போய்விட்டார்கள். சென்னியப்பன் வீட்டிலும் எல்லோரும் ஈரோட்டுக்குப் போயிருந்தார்கள், அவர் மட்டும் அணிக்காகத் தங்கியிருந்தார். வெள்ளிக்கிழமை நிரம்பிய தொட்டி, மிச்சமிருந்தவர்கள் செலவில் அவ்வளவாகக் குறையவே இல்லை.

"இன்னிக்கு வழியும்னு உங்களுக்குத் தெரியுமா மேடம்?"

"என்னிக்கோ வழியும்னு தெரியும். இன்னிக்குன்னு தெரியாது."

அடுத்த மேட்டைப் பிடித்தார்கள். பாதி வழியில் ஹெப்சிபா கேட்டார், ஏதோ நினைவு வந்ததுபோல.

"ஓசூர் மெஷினை ஓட்டிப் பார்த்தீங்களே, ஒவ்வொரு சோதனையையும் எப்படி ஆரம்பிச்சீங்க?"

"வழக்கம்போலத்தான் மேடம். அணைச்சு, மறுபடி போட்டு. ஒவ்வொரு சோதனையும் சுத்தமா ஆரம்பிக்கணும் இல்லையா? ஸ்டுட்கார்ட்ல இருபது வருஷமா அப்படித்தான்..."

சொல்லிக்கொண்டே வந்தவர் கையிலிருந்து மேட் நழுவியது.

"அட, புடிங்க சார்!" என்றார் சென்னியப்பன்.

செழியன் பிடிக்கவில்லை. அணைத்து மறுபடி போடும்போது இயந்திரம் மெமரியைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கும். வாரக்கணக்காக அவர் ஓட்டிய ஒவ்வொரு முறையும் அது காலியாகவே தொடங்கியது. ஆஸ்பத்திரியில் அதை யாரும் அணைக்கப் போவதில்லை. உள்ளே குழந்தை இருக்கும்.

ஹெப்சிபா தனியாகவே மேட்டைச் சுவர் வரை இழுத்துக்கொண்டு போய்ச் சாய்த்தார். கையை உதறிக்கொண்டு திரும்பி வந்தார்.

"மரக்கால் அந்த இடத்தைப் பத்தி என்ன சொல்லுச்சு?"

"தெரியவில்லைன்னு."

"ம்."

அந்த 'ம்'மில் பெருமை எதுவும் இல்லை. இதே மனிதர் பத்து வருஷம் உட்கார்ந்து, ஒரு கருவிக்கு அந்த ஒரு சொல்லைச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று செழியன் நினைத்துக்கொண்டார். எண் சொல்லக் கற்றுக்கொடுப்பது எளிது. தன்னிடமே நிறைய எண் இருந்தது.

சென்னியப்பன் மூவருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். கோபம் பாதி இறங்கியிருந்தது.

"வெயில் இருக்குதுங்க. சாயங்காலத்துக்குள்ள காஞ்சிரும். காயலைன்னா மண்ணுலயே ஆடட்டும், நாங்கெல்லாம் மண்ணுல ஆடுனவங்கதான்." பிறகு செழியனைப் பார்த்து, "நீங்க வாங்குன அந்த சுவிட்சு நல்ல சுவிட்சுங்க. சொன்ன நேரத்துக்கு டக்குனு நின்னுருச்சு பாருங்க" என்றார்.

ஹெப்சிபா சிரித்தார். செழியனுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் நிலைக்கவில்லை.

"மேடம், நர்ஸ் பட்டனை அழுத்தாம இருப்பாங்களா? அலாரம் அடிச்சா வந்து அழுத்தறது அவங்க வேலை. அழுத்தினா மெமரி காலியாயிடும்."

"நூலகர் வீட்டுல தண்ணி செலவழிக்காம இருப்பாங்களா?"

செழியன் டீயைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார். ஒரு வார்டு, வரிசையாகத் தொட்டில்கள், ஒரே ஒரு நர்ஸ். எல்லாத் தொட்டிலிலும் ஒரே நேரத்தில் அலாரம்.

செல்போன் அடித்தது. கோகுல்நாத். செழியன் எடுக்கவில்லை. அது அடித்து ஓய்ந்தது.

"புரோகிராமை மாத்தலாம். பழைய அலாரத்தைத் தானாகவே அழிக்கிற மாதிரி எழுதலாம். அப்போ மரக்காலே எல்லை சொல்லிடும்."

"சொல்லிடும்."

"ஆனா அதுக்கு மறுபடி அனுமதி வாங்கணும். மாசக்கணக்கா ஆகும். அதுவரைக்கும் அவங்க காத்திருக்க மாட்டாங்க. வேற யார்கிட்டயாவது எண் வாங்கிப்பாங்க."

"வாங்கலாம்."

"என் வேலையும் போகும்."

ஹெப்சிபா மறுக்கவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தார்.

செழியன் கடைசியாக ஒரு முயற்சி செய்தார். "ஒண்ணு பண்ணலாம் மேடம். மெமரி எண்ணை நான் சொல்லலை. 'நர்ஸ் உடனே வந்து பட்டனை அழுத்துவார்'னு மட்டும் ஒரு வரி சேர்த்துடறேன். மரக்கால் அதை வச்சுத் தானே கணக்குப் போட்டுக்கட்டும். அது நியாயமான வரிதானே? என் பேரையே போட்டுக்கறேன்."

ஹெப்சிபா எழுந்து, நனைந்த முந்தானையைப் பிழிந்தார்.

"தாராளமா சேருங்க சார். ஆனா அந்த வரியில உங்க பேர் எதுக்கு? எந்த நர்ஸோ, அவங்களைக் கேட்டு அவங்க பேரைப் போடுங்க."

சொல்லிவிட்டு மிச்சமிருந்த மேட்டைப் பார்க்கப் போனார்.

திங்கட்கிழமை காலை ஓசூருக்குப் போன அறிக்கையில், அலாரம் சேர்த்து வைக்கிற இடத்துக்கு நேராக, மரக்கால் சொன்ன 'தெரியவில்லை'யைச் செழியன் அப்படியே விட்டுக் கையெழுத்திட்டிருந்தார்.